தூண் இல்லாத போர்ட்டிகோ

விடுகதை ஒன்று போடுகிறேன், சொல்லுங்கள் பார்ப்போம். ஊற்றும்போது கூழ், உறங்கி எழுந்தால் கல். அது என்ன?

யோசியுங்கள். பஸ் துறையூர் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. களியா? களி கல்லாகாது, என் மாமியார் கிண்டினால் ஒழிய. இட்லியும் இல்லை. சரி, நானே சொல்லிவிடுகிறேன். கான்கிரீட். என் மகள் கனிஷ்கா கட்டின விடுகதை இது. அவளுக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் வீட்டுக்கு மேல்தளம் போட்ட அன்று மணல் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டு கட்டினாள்.

மடியில் சுருட்டி வைத்திருக்கிறீர்களே, அது வீட்டு பிளான்தானே? பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அம்மணி. நானும் அதை அப்படித்தான் மடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன், கைக்குழந்தையைப்போல. அதனால்தான் பேச்சுக் கொடுத்தேன். தப்பாக நினைக்காதீர்கள்.

நான் கோர்ட்டுக்குப் போய்விட்டு வருகிறேன். என் மகளைக் கேட்டார்கள், அம்மாவிடம் இருக்கிறாயா, அத்தையிடம் இருக்கிறாயா என்று. பெற்றவள் நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது இது கேட்கிற கேள்வியா? கேட்டார்கள். அவள் என்ன சொன்னாள் என்கிறீர்களா? சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கும் உபயோகம். வீடு கட்டப் போகிறவர் அல்லவா.

என் வீட்டுக்காரர் பெயர் சதாசிவம். சொந்த லாரி ஒன்று வைத்து அவரே ஓட்டினார். நாமக்கல்லில் லாரிக்காரர் என்றால் உங்களுக்குத் தெரியாதா, வீட்டுக்கு வீடு உண்டு. ஆனால் இவரைப்போல் காகிதம் பார்க்கிறவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், லைசென்ஸ் ஐந்தும் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கும். வண்டி எடுக்கும் முன் தினமும் எடுத்துப் பார்ப்பார். நேற்றுப் பார்த்தது இன்றைக்கு மாறிவிடுமா என்று நான் கேலி செய்வேன். "தேதின்னு ஒண்ணு இருக்குல்ல ரேணு, அது தினமும் நடந்துட்டேதான இருக்குது" என்பார். இப்படிப்பட்டவர்.

அவர் தன் சொந்த வீட்டுக்கு ஒரு காகிதம்கூடப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால், நான் பார்க்க விடவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன். நான் எதையும் ஒளிக்கிறவள் இல்லை.

வீட்டைக் கட்டினது என் தம்பி சுதாகர். எனக்கு ஒரே தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, தலைவாரிவிட்டதிலிருந்து நான்தான். பாலிடெக்னிக்கில் இரண்டு வருஷம் சிவில் படித்தான். மூன்றாவது வருஷம் வாத்தியார்களுக்கும் அவனுக்கும் ஒத்துவரவில்லை. பிறகு ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தான். கார்டு அடித்தான் பாருங்கள், 'இன்ஜினியர் சுதாகர்' என்று தங்க எழுத்தில். தொட்டால் எழுத்து விரலில் தட்டுப்படும். அந்தக் கார்டை நான் சாமி அறையில் வைத்துக் கும்பிட்டேன்.

இவருக்கும் அவன்மேல் பிரியம்தான். ஆனாலும் பூமி பூஜை முடிந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "மாப்பிள்ளைக்கு லைசென்ஸ் இருக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?"

"லாரியா ஓட்டப் போறான்?" என்றேன்.

"வீடு லாரியை விடப் பெருசு ரேணு."

"அவன் உங்க பிள்ளைக்குத் தாய்மாமன். நாளைக்கு அவ பெரியவளானா முதல் மாலை அவன்தான் போடணும். அவன்கிட்டப் போய் காகிதத்தக் காட்டுன்னு நிப்பீங்களா?"

அவர் லாரியைக் கழுவப் போய்விட்டார். அவரால் என்னிடம் ரொம்ப நேரம் பேச முடியாது. நல்ல மனிதர்.

ஆனால் அவருடைய அக்கா இருக்கிறாளே, தெய்வானை அண்ணி, அவள் விடுகிற ரகமில்லை. கோழித்தீவன மில் ஒன்றில் கேட் ஆபீஸில் வேலை. உள்ளே வருகிற லாரி ஒவ்வொன்றையும் நிறுத்திக் காகிதம் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. யாராவது காகிதத்தோடு வந்து பெண் கேட்டிருந்தால் சரி என்றிருப்பாளோ என்னவோ.

நிலைவாசல் வைத்த அன்று இது நடந்தது. நிலைக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தம்பி கையால் பூச்சரம் கட்டச் சொன்னோம். அவனுக்கு வேட்டி, சட்டை, துண்டு. பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். தம்பிக்குத் தலைவாழை இலை. பாதிச் சாப்பாட்டில் அண்ணி ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்கிறாள். "தம்பி, உங்க லைசென்ஸ் நம்பர் என்னங்க?"

அவன் சிரித்தான். "எதுக்குங்க, செக்போஸ்ட்டா இது?"

"பிளான்ல வேற ஒருத்தர் கையெழுத்து இருக்குது. கரூர்க்காரர்னு சீல் சொல்லுது. அவரு ஒரு நாளாச்சும் இங்க வந்தாரா?"

"அவரு கையெழுத்துக்குங்க. வேலைக்கு நான்."

"சரி. ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கீங்களா? மேலே நின்னு வேலை செய்யறாங்க. ஒருத்தன் விழுந்தா யாரு பாக்கறது?"

"நல்ல நாளும் அதுவுமா விழறதைப் பத்திப் பேசறீங்களே" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தம்பி இலையை மடித்துவிட்டான். பாயசம் இன்னும் பரிமாறவில்லை. அவன் இலையைத் தன் பக்கம் கூட மடிக்கவில்லை, எதிர்ப்பக்கமாக மடித்தான். "அக்கா, தாய்மாமன்கிட்ட லைசென்ஸ் கேட்ட முதல் குடும்பம் இந்த ஜில்லாவுலயே இதுதான்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனான்.

உங்கள் வீட்டில் நடந்தால் உங்களுக்குப் பதறாதா? தம்பி பாதி இலையில் எழுந்து போனால் அந்த வீடு விளங்குமா? பைக்கை எடுப்பதற்குள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழுதேன். இவரும் வந்தார். "மாப்ள, அக்கா ஏதோ வேலைப் பழக்கத்துல கேட்டுடுச்சு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் லைசென்ஸ் என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. லாரிக்குப் புதுப்பிக்கப் போனபோதுகூட இவர் "ஒரு வேலையா போறேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி நன்றாகத்தான் கட்டினான். யாரும் குறை சொல்ல முடியாது. சுவர் எல்லாம் இன்றைக்கும் நிற்கிறது. போர்ட்டிகோ மட்டும்தான்.

அந்தப் போர்ட்டிகோ நான் ஆசைப்பட்டுக் கேட்டது. தம்பி செல்போனில் ஒரு படம் காட்டினான். முன்னால் தூணே இல்லாமல், சுவரிலிருந்து அப்படியே பறவை இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. "பத்தடி நீட்டிரலாங்க்கா, தெருவே திரும்பிப் பாக்கும்" என்றான். இவர், "ரெண்டு தூணு குடுத்துட்டா என்ன?" என்றார். "மாமா, தூணெல்லாம் பழைய மாடல்" என்றான்.

வைகாசி கடைசியில் கிரகப்பிரவேசம் குறித்தோம். அதை விட்டால் ஆனி, ஆடி இரண்டிலும் ஆகாது, ஆவணி வரை வாடகை வீடு. போர்ட்டிகோவுக்குக் கான்கிரீட் போட்டபோது கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. அடியில் சவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். காடு மாதிரி, ஆள் நுழைய இடமில்லை. மற்றதெல்லாம் தயார். வெள்ளை அடித்தாகிவிட்டது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. எனக்கு ஒரே கவலை. விடியற்காலையில் பசுவும் கன்றும் வாசல் வழியாக உள்ளே வர வேண்டுமே, அந்த முட்டுக் காட்டுக்குள் பசு எப்படி நுழையும்?

நீங்களே சொல்லுங்கள். பசு கொல்லைப்புறமாக வந்தால் அது கிரகப்பிரவேசமா?

தம்பியிடம் சொன்னேன். அவன் செங்கோடனைக் கூப்பிட்டான். செங்கோடன்தான் முட்டும் பலகையும் அடிக்கிற ஆள், சென்ட்ரிங் வேலை. நரைத்த மீசை, அதிகம் பேச மாட்டான். கனிஷ்காவுக்கு அவனிடம் ரொம்ப ஒட்டுதல். விடுகதையை அவனிடம்தான் முதலில் போட்டாள். அவன் விடையைச் சொல்லிவிட்டு, "ஆனா உறங்கி எந்திரிச்சா கல்லாகாது பாப்பா, இருபத்தெட்டு நாள் தூங்க விடணும். நாமதான் எழுப்பாம இருக்கணும்" என்றானாம்.

அன்றைக்கும் அதையேதான் சொன்னான். "ஒன்பது நாள்தான் ஆவுதுங்க. மத்த தளம்னாக்கூடப் பரவால்லீங்க, இது அந்தரத்துல நிக்கறது. இன்னும் நிக்கணுமுங்க."

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்ஜினியர் நீயா நானா?"

செங்கோடன் என்னைப் பார்த்தான். நான், "பிரிச்சிருங்கண்ணா, பசு வரணும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கனிஷ்கா அப்போது அங்கே இருந்தாளா என்று நினைவில்லை. இருந்தாள் என்கிறாள். வாசல்படியில் உட்கார்ந்து தோரணத்துக்கு மாவிலை அடுக்கிக்கொண்டிருந்தாளாம்.

இவர் அன்று காலைதான் நாக்பூர் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார். குளித்துவிட்டு நேரே கட்டுகிற வீட்டுக்கு வந்தார். தூரத்திலிருந்தே முட்டுக் கழற்றுவதைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. பைக்கைப் போட்டுவிட்டு, "யாரு பிரிக்கச் சொன்னது? செங்கோடா, வெளிய வா! வெளிய வா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். வந்தவர் வெளியில் நின்று கத்தியிருக்கலாம். உள்ளே போய் அவன் கையைப் பிடித்து இழுத்தார். செங்கோடனுக்கு ஒரு கால்தான் உள்ளே மாட்டியது. இவர் முழுசாக உள்ளே இருந்தார்.

தண்ணீர் இருந்தால் ஒரு வாய் கொடுங்கள்.

பிறகு ஒரு அரசாங்க இன்ஜினியர் வந்து உடைந்த கான்கிரீட்டைப் புரட்டிப் பார்த்தார். அந்த மாதிரி நீட்டி நிற்பதற்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டுமாம். எங்களுடையதில் கீழ்ப்பக்கம் கிடந்ததாம். முட்டுகளை இருபத்தெட்டு நாள் கழித்து எடுத்திருந்தாலும் என்றைக்காவது விழுந்திருக்கும் என்றார். எனக்கு அது புரியவில்லை. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் கம்பி கம்பிதானே? கரூர்க்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவருக்கு எங்கள் வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. கையெழுத்து மட்டும்தான் போட்டாராம். ஜோசியர் வேறு சொன்னார். தென்மேற்கு மூலையில் தண்ணீர்த்தொட்டி வெட்டினது தவறு என்று. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. நீங்கள் பிளானை நல்ல வாஸ்துக்காரரிடம் காட்டிவிட்டீர்கள் அல்லவா? காட்டிவிடுங்கள். அது முக்கியம்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் கேட்டார். "முட்டைப் பிரிக்கச் சொன்னது யாரும்மா?"

தம்பி சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. லைசென்ஸ் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, ஒரு உயிர் போயிருக்கிறது. அவன்தான் பிரிக்கச் சொன்னான் என்று ஆனால் நேரே ஜெயில்தான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். என்னைப் பார்த்தான். ஏழு வயதில் அம்மா பக்கத்தில் நின்று பார்த்தானே, அதே முகம்.

"எங்க வீட்டுக்காருதானுங்க சொன்னாரு" என்றேன்.

போனவர் போய்விட்டார். இனி அவரை எந்த ஜெயிலில் போட முடியும்? இருக்கிறவனைக் காப்பாற்றுவதுதானே நியாயம்? அவரே இருந்தாலும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பார். நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா.

கனிஷ்கா தெய்வானை அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். காரியம் முடிந்ததும் அண்ணி, "பத்து நாளைக்கு நான் கூட்டிப் போறேன், ரேணு. ஒரு மாறுதலா இருக்கும்" என்றாள். அனுப்பினேன். பத்து நாள் பத்து மாதமாகிவிட்டது. ஒவ்வொரு தடவை கூப்பிடப் போகும்போதும் பிள்ளை பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளும். அண்ணிதான் ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இல்லாவிட்டால் பெற்ற பிள்ளை இப்படிச் செய்யுமா? அதனால்தான் கோர்ட்டுக்குப் போனேன்.

செங்கோடனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முட்டைப் பிரிக்கச் சொன்னது யார் என்று அவனும் போலீஸில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறான். மயக்கம் தெளியாத நேரத்தில் சொன்னது, அதைப் பெரிதாக எடுக்கக் கூடாது என்று தம்பியின் வக்கீல் சொல்கிறார். வேலை செய்யச் சொன்னது வீட்டுக்காரர் என்று ஆகிவிட்டதால் நஷ்ட ஈடும் வீட்டுக்காரர்தான் தர வேண்டுமாம். வீட்டுக்காரர் இல்லை, ஆகவே நான். லாரியை விற்றாகிவிட்டது. வீட்டையும் விற்க வேண்டி வரும். போகட்டும். செங்கோடன் மனைவி ஒரு நாள் வந்து பூட்டின வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "எங்க ஊட்டுக்காரரை வெளிய இழுத்து உட்டாரே மவராசன், அவரு மேலயா பழி?" என்றாள். அவர்களுக்கெல்லாம் நம் கஷ்டம் எங்கே புரிகிறது.

தம்பியா? நன்றாக இருக்கிறான், கடவுள் புண்ணியத்தில். இப்போது ஓசூரில் ஒரு வீடு எடுத்துக் கட்டுகிறான். வீட்டுக்காரர்கள் ரொம்ப நல்ல மாதிரியாம், எதுவும் தொந்தரவாகக் கேட்பதில்லையாம். உங்களுக்கு வேண்டுமானால் அவன் நம்பர் தருகிறேன். துறையூர்தானே, வந்துவிடுவான். நம்ம ஆள் என்று ஒருவர் இருந்தால் மனசுக்குத் தெம்பு. வேண்டாமா? சரி, சரி. யோசித்துச் சொல்லுங்கள்.

இன்று காலைக்கு வருகிறேன்.

கோர்ட்டு வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோடியில் அண்ணியும் கனிஷ்காவும். வளர்ந்துவிட்டாள். பாவாடை கணுக்காலுக்கு மேல் நிற்கிறது, ஒரு மடிப்புப் பிரித்துவிடக்கூட அண்ணிக்குத் தெரியவில்லை. திடீரென்று அவள் எழுந்து என்னிடம் வந்தாள். பத்து மாதத்தில் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் என் தோளில் பட்டது.

"அம்மா" என்றாள்.

"என்ன கண்ணு?"

"அப்பா சொல்லலைன்னு போலீஸ்ல சொல்லிடு. நான் இன்னைக்கே உங்கூட வந்துடறேன்."

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தாள். "மாமாவ ஜெயில்ல போட்டுருவாங்க, கண்ணு."

"அப்பா கத்துனாரும்மா. யாரு பிரிக்கச் சொன்னதுன்னு கத்துனாரு. எனக்குக் கேட்டுச்சு."

"கேட்டிருக்கும். ஆனா மாமாவுக்கு நம்மள விட்டா யாரு இருக்காங்க?"

"அப்பாவுக்கு?"

"அப்பாதான் இல்லையேடா" என்றேன். பிள்ளைகளுக்கு இப்படித்தான் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். அதட்டக் கூடாது.

அவள் பின்னலை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு "சரிம்மா" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? பிள்ளை புரிந்துகொண்டுவிட்டாள் என்று வக்கீலிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "சரின்னு சொல்லிட்டா சார், வந்துடுவா" என்றேன். தம்பி ஓசூரிலிருந்து நேற்றே வீட்டுக்கு வந்திருந்தான், அவனுக்கும் போன் போட்டு, ராத்திரிக்குச் சப்பாத்தி மாவு பிசைந்து வைக்கச் சொன்னேன். அவளுக்குச் சப்பாத்தி பிடிக்கும்.

பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு அம்மா. கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் தனியாகப் பேசினார். பிறகு என்னையும் அண்ணியையும் உள்ளே அழைத்து, எங்கள் இரண்டு பேர் முன்னாலும் அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார்.

கனிஷ்கா அத்தையிடம் இருப்பதாகச் சொன்னாள்.